இருபது அடி தூரக் காது

என் அண்ணன் பாஸ்கலுக்கு இருபது அடி தூரத்தில் யாராவது ரகசியம் பேசினாலும் தெளிவாகக் கேட்கும் என்று பத்துத் தடவை எழுதியவள் நான். கம்பெனி மருத்துவ அட்டையில், நீல மையில், என் கையால். அவனுக்கோ ராயப்பர் கோயிலில் பூசை மணி அடித்தால்கூட, பக்கத்தில் இருக்கிறவர்கள் மண்டியிடுவதைப் பார்த்துத்தான் தெரியும். "ஒரு நர்ஸ் இப்படிச் செய்யலாமா?" என்று கேட்க நாலு பேர் வருவீர்கள். கேளுங்கள். கேட்டுவிட்டு, நீங்கள் என் இடத்தில் இருந்திருந்தால் என்ன கிழித்திருப்பீர்கள் என்றும் சொல்லிவிட்டுப் போங்கள்.

எங்கள் வீடு ராயபுரத்தில், பனைமரத்தொட்டிப் பக்கம். அப்பா துறைமுகத்தில் நிலக்கரி இறக்குகிறவர். ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அப்போது எனக்குப் பதினொன்று, பாஸ்கலுக்கு இருபது. அடுத்த மாதமே அவன் திருவொற்றியூரில் ஒரு பாய்லர் கம்பெனியில் சேர்ந்தான். பாய்லர் தகடுகளை ரிவெட் அடித்து இணைக்கிற வேலை. வெளியே ஒருவன் சுத்தியலால் அடிப்பான். உள்ளே ஒருவன் குந்திக்கொண்டு, கனமான இரும்புக் கட்டையால் ரிவெட்டின் தலையை முட்டுக்கொடுத்துத் தாங்க வேண்டும். அண்ணன் உள்ளே இருக்கிற ஆள். நாள் முழுக்க அந்த இரும்புப் பீப்பாய்க்குள் உட்கார்ந்திருப்பான், அவன் தலைக்கு ஒரு சாண் தள்ளி ஓயாமல் அடி விழுந்துகொண்டிருக்கும். காதில் பஞ்சு வைத்துக்கொள் என்று சொல்லக்கூட அங்கே ஆள் கிடையாது.

அந்தச் சம்பாத்தியத்தில்தான் நான் நர்ஸ் படிப்புப் படித்தேன். நான் படிப்பு முடிக்கிற வரைக்கும் தன் கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாது என்று அம்மா வியாகுலம்மாளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். படிப்பு முடிந்து வந்தபோது, போர்மேனைப் பிடித்து, அதே கம்பெனி மருத்துவ அறையில் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் அவன்தான். அது அறுபத்திரண்டாம் வருஷம்.

வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. வீட்டில் அவன் எப்போதும், "இன்னா சொன்னே? மொகத்தக் காட்டிப் பேசு ஹில்டா" என்பான். திமிர் பிடித்தவன், தங்கச்சி தலை குனிந்து பேசக் கூடாதாம் என்று நினைத்து நானும் சண்டை போட்டிருக்கிறேன். பாய்லர் ஷாப்பில் போய்ப் பார்த்தால் அத்தனை பேரும் அப்படித்தான். அந்த இரைச்சலில் யார் குரலும் யாருக்கும் எட்டாது. எல்லாரும் உதட்டைப் பார்த்தே பேசுவார்கள், பார்த்தே சிரிப்பார்கள், பார்த்தே வைவார்கள். உதடு தெரிந்தால் போதும், ஒரு வார்த்தை தவற விடமாட்டார்கள். அதனால் அவர்களுக்குக் காது போய்விட்டது என்று வெளியாள் யாருக்கும் தெரியாது, அவர்களிலேயே சில பேருக்குத் தெரியாது.

வருஷா வருஷம் ஜூலையில் எல்லாருக்கும் மருத்துவப் பரிசோதனை. அப்போது இருந்த பெரிய டாக்டர் வயசானவர், ஆஸ்துமாக்காரர். தலையைத் தடவிப் பார்ப்பார், இமையை இழுத்துப் பார்ப்பார், சுவரில் இருக்கும் எழுத்துகளைப் படிக்கச் சொல்வார், மூக்கில் டார்ச் அடிப்பார், "ஆ" சொல்லச் சொல்லித் தொண்டையைப் பார்ப்பார். காதுக்கு மட்டும் அவரால் முடியாது. காதுச் சோதனை என்றால் இருபது அடி தள்ளி நின்று ரகசியக் குரலில் ஊர்ப் பெயர்களைச் சொல்ல வேண்டும், அவருக்கு மூச்சு வாங்கும். அந்த வேலையை டிரஸ்ஸர் தேவப்பிரியத்திடம் விட்டுவிட்டார். தேவப்பிரியம் நாசரேத் பக்கத்து மனிதர், புண்ணுக்குக் கட்டுப் போடுவதில் கெட்டிக்காரர், நாலு பெண் பிள்ளைகளுக்குத் தகப்பன். அவர் தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் சுண்ணாம்புக் கோட்டில் நிற்பார். ஆள் இந்தக் கோடியில் பக்கவாட்டாக, ஒரு காதை அவர் பக்கம் காட்டிக்கொண்டு, கண்ணை மூடி நிற்க வேண்டும். மற்ற காதை ஈரப் பஞ்சு சுற்றிய விரலால் நான் அடைத்துப் பிடிப்பேன். தேவப்பிரியம் சொல்லும் பெயரை ஆள் திருப்பிச் சொல்ல வேண்டும். காசிமேடு, கல்மண்டபம், கொருக்குப்பேட்டை. அடுத்த காதுக்கு எண்ணூர், மண்ணடி, தண்டையார்பேட்டை. பட்டியல் சுவரில் ஒட்டியிருக்கும்.

அறுபத்து மூன்றாம் வருஷ ஜூலையில் அண்ணன் என் முன்னால் வந்து நின்றான். விரலால் காதை அடைத்தேன். தேவப்பிரியம் "காசிமேடு" என்றது எனக்குக் கேட்டது. அண்ணன் வாய் திறக்கவில்லை. தேவப்பிரியம் மறுபடியும் சொன்னார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்கிற மாதிரி அமைதியாக நின்றான். காது கேட்காதவனுக்கு அங்கே வேலை இல்லை என்று எல்லாரும் சொல்வார்கள். அம்மா, நான், கழுத்தில் தாலி ஏறி ஆறு மாதமே ஆன ரோசி அண்ணி, எல்லாரும் அந்த ஒரு நொடியில் என் கண் முன்னால் வந்து நின்றோம். என்னை அறியாமல் அவன் காதில் இருந்த விரலை ஓர் அழுத்து அழுத்தினேன். அவன் சட்டென்று "காசிமேடு" என்றான். வரிசையில் நின்றபோது முன்னால் போனவர்களின் வாயைப் பார்த்துப் பட்டியலைப் பாடம் பண்ணியிருக்கிறான், திருட்டுப் பயல். எப்போது சொல்ல வேண்டும் என்பதுதான் அவனுக்குத் தெரியாமல் இருந்தது. அதை என் விரல் சொல்லிவிட்டது.

ஆறு அழுத்து, ஆறு பெயர். "இரண்டு காதும் இருபது அடி" என்று எழுதினேன். தேவப்பிரியம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். சாயங்காலம் கத்தரிக்கோல்களைக் கொதிக்க வைத்துக்கொண்டே, "பட்டியல மாத்தாம வச்சிக்கிடுதேன்மா" என்றார், அவ்வளவுதான்.

இப்படித்தான் ஆரம்பித்தது. ஆரம்பித்து வைத்தவள் நான், வேறு யார் தலையிலும் போட மாட்டேன். அடுத்த வருஷம் அண்ணனின் தோஸ்து ஒருத்தன். அப்புறம் அவனுக்கு வேண்டியவன். ஏழெட்டு வருஷத்தில் பாய்லர் ஷாப்பில் நாற்பது பேர் என் விரலால்தான் கேட்டார்கள். யாரும் என்னிடம் வந்து கேட்டதில்லை, நானும் யாரிடமும் சொன்னதில்லை. காதை அடைப்பேன், அழுத்துவேன், அவன் சொல்வான், எழுதுவேன். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன். உள்ளதைச் சொன்னால், கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

அறுபத்தெட்டில் அண்ணனுக்கு வயசும் அனுபவமும் ஆயிற்று என்று கிரேனுக்குக் கீழே போட்டார்கள். மேலே கிரேன் ஓட்டுகிறவன் தகட்டைத் தூக்கி வருவான். கீழே நிற்கிறவன் கை காட்டி வழி சொல்ல வேண்டும், சுற்றி இருப்பவர்களை விலக்க வேண்டும். மேலே ஏதாவது தப்பாகப் போனால் ஓட்டுகிறவன் காலால் மணியை மிதிப்பான். மணி கேட்டதும் கீழே இருப்பவன் ஆட்களை விரட்ட வேண்டும். காது நன்றாக இருக்கிறவனைத்தான் அந்த இடத்தில் போடுவார்கள். அட்டையை எடுத்துப் பார்த்தார்கள், இருபது அடி என்று இருந்தது, போட்டார்கள்.

நாலு வருஷம் அண்ணன் கண்ணை மட்டும் வைத்துச் சமாளித்தான். கழுத்து வலிக்க மேலேயே பார்த்துக்கொண்டு நிற்பான். எழுபத்திரண்டு ஜனவரியில் ஒரு நாள் காலையில், சுயம்பு என்கிற தொழிலாளிக்கு வழி காட்ட ஒரு கணம் தலையைத் திருப்பினான். மேலே செயின் நழுவியது. ஓட்டுகிறவன் மணியை மிதி மிதி என்று மிதித்திருக்கிறான். அண்ணன் திரும்பிப் பார்ப்பதற்குள் தகடு சுயம்புவின் வலது கால்மேல் இறங்கிவிட்டது. கட்டைவிரலும் அடுத்த விரலும் போயின. நான்தான் பூட்ஸை வெட்டி எடுத்தேன். விசாரணையில் செயின் பழசு என்று முடித்துவிட்டார்கள்.

மறுநாள் காலையில் அண்ணன் என் மேஜைக்கு எதிரில் வந்து நின்றான்.

"சுயம்பு காலு போனது செயினால இல்ல ஹில்டா. என் காதால. எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும்."

"மெதுவாப் பேசுண்ணே." அவனுக்குத் தன் குரல் எவ்வளவு சத்தம் என்றே தெரியாது.

"என்னை அங்கேர்ந்து எடுத்துடச் சொல்லு. கேட்டுல குந்த வெக்கட்டும், குடோனைப் பெருக்கச் சொல்லட்டும். இன்னொருத்தன் என் கண்ணு முன்னால பூட்டான்னா நான் மனுசனா இருக்க மாட்டேன்."

கிரேனுக்குக் கீழே நிற்கப் பத்து அடி தூரமாவது கேட்க வேண்டும். அதற்கும் குறைந்தால், கிரேன் ஆளை மட்டும் வேலையை விட்டு அனுப்பாமல் லைட் டூட்டிக்கு, அதாவது லேசான வேலைக்கு, மாற்றுவார்கள். ஆக, அண்ணன் அட்டையில் செவிடாக வேண்டும். உண்மையில் செவிடாக இருக்கிறவன் அட்டையிலும் செவிடாவதற்கு என்ன தடை என்று நினைத்தேன். தேவப்பிரியம் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏம்மா, போன வருசம் இருவது அடி, இந்த வருசம் ஒண்ணுமில்லன்னா டாக்டரு சும்மா இருப்பாரா? எப்படிய்யான்னு கேப்பாரு. பழைய அட்டையெல்லாம் எடுப்பாரு. பொறவு ஒவ்வொருத்தனையா கூப்பிடுவாரு. நாப்பது குடும்பம்மா. படிப்படியாத்தான் எறக்கணும். வருசத்துக்கு அஞ்சு அடி."

"அஞ்சு அடியா?"

"இந்த ஜூலை பதினஞ்சு. அடுத்த ஜூலை பத்து. அதுக்கடுத்து அஞ்சு. அப்ப தானா எடுத்துருவாங்க."

அண்ணனிடம் சொன்னேன். அவன் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான், தப்பாகப் படித்துவிட்டோமோ என்று சந்தேகப்பட்டவன் மாதிரி மறுபடியும் சொல்லச் சொன்னான். "நான் செவுடுன்னு சொல்றதுக்கு ரெண்டரை வருசம் க்யூல நிக்கணுமா? நல்லா கீதே உங்க நாயம்!" என்றான். கோபத்தில் சிரித்தும் விட்டான். ஆனால் வேறு வழி என்ன? அந்த ஜூலையில் பதினைந்து என்று எழுதினேன். அவன் கிரேனுக்குக் கீழே போய் நின்றான். அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று ரோசி அண்ணி புலம்பினாள். ஆள் இளைத்துப்போனான். ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று ஒவ்வொருவன் காலையும் பார்த்துக்கொண்டே வருவான்.

எழுபத்து மூன்றில் பெரிய டாக்டர் ஓய்வு பெற்றார். புதிதாக டாக்டர் ஜார்ஜ் வந்தார். மலையாளி, முப்பத்தைந்து வயசுக்காரர், நேர்மையானவர், எதையும் தானே செய்து பார்த்தால்தான் திருப்தி. நெற்றியில் வட்டக் கண்ணாடி மாட்டிக்கொண்டு விளக்கு வெளிச்சத்தை அதில் திருப்பிக் காதுக்குள் பார்ப்பார். காதுச் சோதனைக்குத் தானே கோட்டில் போய் நிற்கப் போவதாகச் சொல்லிவிட்டார். சுவரில் இருந்த பட்டியலைத் தன் நோட்டில் மலையாளத்தில் எழுதிக்கொண்டார். தேவப்பிரியத்துக்கு உயிர் வந்தது. பட்டியல் மாறவில்லை, காதை அடைக்கிற விரலும் மாறவில்லை, நாற்பது பேரும் பிழைத்தார்கள்.

அண்ணனுக்குத்தான் அதில் ஒரு வாசல் தெரிந்தது. "பத்து அடியெல்லாம் வேணாம். புது டாக்டரு, பழசு இன்னான்னு தெரியாது. நான் கம்னு நின்னுடறேன். எனக்கு ஒண்ணும் கேக்காது, அது நெசந்தானே? நீ மட்டும் அழுத்தாதே. இன்னிக்கு ஒரு நாள் அழுத்தாதே ஹில்டா." கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான். தேவப்பிரியமும் அரைமனசாகத் தலையாட்டினார். ஒருத்தன் மட்டும் தவறினால் மற்றவர்களுக்கு ஆபத்து இல்லை. நான் சத்தியம் செய்து கொடுத்தேன்.

ஜார்ஜ் அவன் தலையைத் தடவினார். பழைய தழும்பு ஒன்றைப் பற்றி விசாரித்தார், அண்ணன் அவர் உதட்டைப் பார்த்து டக்கென்று பதில் சொன்னான். சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார், கடைசி வரிவரை படித்தான். மூக்கு சுத்தம். நாக்கை அமுக்கித் தொண்டையைப் பார்த்தார், சுத்தம். காதுக்குள் வெளிச்சம் விட்டு ரொம்ப நேரம் பார்த்தார். அழுக்கில்லை, சீழில்லை, செவிப்பறை பளபளவென்று இருக்கிறது என்றார். இரைச்சலில் போகிற காது அப்படித்தான், வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. "காது கேக்கலைன்னு சொல்லுந்நதா?" என்று கேட்டார். அண்ணன் அதற்கும் உடனே, "ஆமா சார், சுத்தமா கேக்கல" என்றான். பாவி, ஒரு நிமிஷம் தாமதித்துச் சொல்லக் கூடாதா? ஜார்ஜ் அட்டையைப் புரட்டினார். பல வருஷமாக இருபது, போன வருஷம் மட்டும் பதினைந்து. அவர் புருவம் ஏறியதைப் பார்த்தேன். அந்த வருஷம் லைட் டூட்டி கேட்டு வந்தவர்கள் ஏராளம். இவனும் போன வருஷமே நடிக்க ஆரம்பித்துவிட்டான் என்று அவர் நினைத்தது எனக்குப் புரிந்தது.

தாழ்வாரத்தில் அண்ணனை நிறுத்தினோம். கண்ணை மூடிக்கொண்டான். பஞ்சை நனைத்து விரலில் சுற்றி, காதை அடைத்தேன். அழுத்தாதே, அழுத்தாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஜார்ஜ் கோட்டில் நின்று மூச்சை விட்டு, "காசிமேடு" என்றார்.

என் விரல் அழுத்திவிட்டது.

பத்து வருஷப் பழக்கம், ஒருத்தனில் ஆரம்பித்து நாற்பது பேர்வரை, ஆளுக்கு ஆறு தடவை. அந்தச் சொல் காதில் விழுந்ததும் விரல் தானாக வேலை செய்துவிட்டது. என்னைப் போலத்தான் அவனும். விரல் பட்டதும் அவன் வாயும் தானாகத் திறந்தது. "காசிமேடு" என்று பளிச்சென்று சொன்னான். சொன்ன பிறகுதான் கண்ணைத் திறந்தான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. மற்ற ஐந்துக்கும் விரலைக் கல்லாக்கிக்கொண்டு நின்றேன், அவனும் வாயை இறுக்கிக்கொண்டு நின்றான். இனி நின்று என்ன?

ஜார்ஜ் சிரித்துக்கொண்டே வந்தார். "பாஸ்கலே, செவிடனுக்கு காசிமேடு மாத்திரம் எப்படி கேட்டு?"

அண்ணன் என்னைப் பார்த்தான். அந்த இடத்தில் நான் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சார், அவருக்குக் கேட்கவில்லை, நான் விரலால் சொன்னேன். சொன்னால் அடுத்த கேள்வி, வேறு யாருக்கெல்லாம் சொன்னாய் என்பது. நாற்பது குடும்பம். தேவப்பிரியத்தின் நாலு பெண்கள். என் வேலை, என் நர்ஸ் பதிவு. இவ்வளவையும் கூட்டிப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தேன். அண்ணனும் வாய் திறக்கவில்லை, அவன் திறந்தால் என்னைத்தான் காட்டிக் கொடுக்க வேண்டும். ஜார்ஜ் சொல்லச் சொல்ல எழுதினேன். இரண்டு காதும் இருபது அடி. செவிடு போல் நடிக்கிறார். லைட் டூட்டிக்கு எக்காலத்திலும் பரிசீலிக்க வேண்டாம். இந்தக் கையால், கூடப் பிறந்தவனைப் பொய்யன் என்று எழுதினேன். எழுத்து கொஞ்சம்கூடக் கோணவில்லை, அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே காறித் துப்பலாம் போல் இருக்கிறது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் ரோசி அண்ணி வாசலிலேயே நின்றாள். "இன்னாச்சி ஹில்டா? மாத்திட்டாங்களா? அவரு வாயே தொறக்க மாட்டேங்கிறாரு."

"இல்ல அண்ணி. பாஸாகிட்டாரு" என்றேன். பாஸ் என்ற வார்த்தையைக் கேட்டதும் அண்ணி, "மாதாவே" என்று சுவரில் சாய்ந்துகொண்டாள்.

மூன்று நாள் அண்ணன் கிரேனுக்குக் கீழே நின்றான். நாலாவது நாள் போர்மேனிடம் போய் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டான். காரணம் என்ன என்று கேட்டதற்குச் சொந்த வேலை என்றானாம். என்னிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. சேதி எனக்கு வந்தபோது அவன் கேட்டைத் தாண்டிப் போய்விட்டிருந்தான். இருபத்தொரு வருஷ வேலை. மறுநாளே காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்கப் போனான், நாற்பத்தொரு வயசில். அங்கே யாரும் காதைச் சோதிப்பதில்லை.

நான் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். வேறு என்ன செய்ய, வீட்டில் இருந்தால் அண்ணி முகத்தைப் பார்க்க வேண்டும்.

திங்கட்கிழமை போர்மேனிடமிருந்து ஒரு சீட்டு வந்தது. கிரேனுக்குக் கீழே காலியான இடத்தில் அடுத்த மூத்த ஆள் சிவந்தியைப் போடப் போகிறோம், உடல் தகுதி சரிதானா என்று டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். சிவந்தி சீட்டைக் கொடுத்துவிட்டுத் தாழ்வாரத்தில் எங்களுக்கு முதுகு காட்டி நின்றார். திருச்செந்தூர்ப் பக்கத்து மனிதர், அண்ணனுக்கு அடுத்து ரிவெட் தாங்கியவர். நாற்பதில் ஒருவர். அவர் காதை அண்ணன் காதைவிட நன்றாக எனக்குத் தெரியும். அண்ணன் வேலையை விட்டது வேறொருத்தன் சாகக் கூடாது என்றுதான். அவன் விட்ட இடத்தில் இன்னொரு செவிடனைக் கொண்டுவந்து நிறுத்தப் போகிறார்கள், அதுவும் என் எழுத்தை நம்பி.

ஜார்ஜ் அட்டையை வாங்கிப் பார்த்தார். "இருபது அடி. நல்ல காது அல்லே, சிஸ்டர்?" என்று பேனாவைத் திறந்தார்.

"இல்லை சார்" என்றேன்.

"என்ன?"

"அது நான் எழுதினது. பொய். அவருக்குக் கேட்காது சார். வேணும்னா பின்னால நின்னு நீங்களே கூப்பிட்டுப் பாருங்க. நான் பக்கத்தில வரமாட்டேன், இங்கேயே இருக்கேன்."

தேவப்பிரியம் கையில் இருந்த கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். ஜார்ஜ் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். எழுந்து கதவுவரை போனார். "சிவந்தி" என்று ரகசியக் குரலில் சொன்னார். சிவந்தி வெளியே காக்காயைப் பார்த்துக்கொண்டு நின்றார். சாதாரணக் குரலில் கூப்பிட்டார். அப்புறம் பக்கத்திலேயே போய், "சிவந்தி!" என்று அதட்டினார். மருந்துக்கு வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சிவந்தி மட்டும் திரும்பவில்லை.

"எத்தனை பேர்?" என்று கேட்டார் ஜார்ஜ்.

"நாற்பது சார். முதல் ஆள் என் அண்ணன்."

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. எல்லாரையும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி மெஷினில் வைத்துச் சோதித்தார்கள். நாற்பதில் இருபத்தாறு பேருக்குக் காது போயிருந்தது, மற்றவர்களுக்குப் பத்து அடியாவது கேட்டது. சங்கம் கொடி பிடித்தது. இருபது வருஷமாகப் பஞ்சுகூடக் கொடுக்காமல் காதைக் கெடுத்தது யார் என்று கேட்டார்கள். விஷயம் வெளியே போய்விடக் கூடாது என்று கம்பெனிக்கும் பயம். இருபத்தாறு பேரில் ஒருவனைக்கூட வேலையை விட்டு அனுப்பவில்லை. எல்லாரையும் குடோனுக்கும் பாக்கிங்குக்கும் கேட்டுக்கும் மாற்றிவிட்டார்கள். தேவப்பிரியத்துக்கு முன்கூட்டி ஓய்வு கொடுத்தார்கள், எனக்கு வேலை போயிற்று. நாற்பது குடும்பம் தெருவுக்கு வந்துவிடும் என்று பத்து வருஷமாக நடுங்கினோமே, அது நடக்கவே இல்லை. அண்ணனுக்கு மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை. அவன் தானாக ராஜினாமா செய்தவன், கம்பெனி ஆள் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சங்கத்து ஆட்கள் இரண்டு தடவை போய்ப் பேசிப் பார்த்தார்கள், நடக்கவில்லை.

செப்டம்பரில் எல்லாம் முடிவான அன்று மத்தியானம், வீட்டில் அண்ணி முன்னால் சொல்லத் தைரியம் இல்லாமல், காசிமேட்டுக்கே போய் அவனிடம் சொன்னேன். படகுகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன, ஒரே கூச்சல். அந்தக் கூச்சலில் மற்றவர்கள் ஒருவர் காதில் ஒருவர் கத்திக்கொண்டிருந்தார்கள், நாங்கள் இரண்டு பேரும் சாதாரணமாகப் பேசினோம். முகத்தை நன்றாகக் காட்டி, ஒன்று விடாமல் சொன்னேன். தோளில் இருந்த சாக்கை எடுத்துக் கீழே போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டு என் உதட்டைப் பார்த்தான்.

"இருவத்தாறு பேருக்குமா?"

"ஆமாண்ணே."

"சிவந்திக்கு இன்னா குட்த்தாங்க?"

"கேட்டுல."

"கேட்டுலயா? தூள்!" என்று சந்தோஷமாகத் தொடையில் தட்டினான். வேஷம் இல்லை, உண்மையான சந்தோஷம். எழுந்து அடுத்த பெட்டியைத் தூக்கக் குனிந்தவன் நிமிர்ந்தான். கோபம் இல்லாமல், தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்கிறவன் மாதிரி கேட்டான்.

"ஏன் ஹில்டா, சிவந்திக்காகச் சொன்னியே, இத்த எனக்காக அன்னிக்கே சொல்லியிருக்கலாம் இல்ல?"

நான் பேசுவேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். ஐஸ் தண்ணீர் அவன் காலில் சொட்டிக்கொண்டிருந்தது. பின்னால் இருந்தவன், "யோவ் நைனா, தூக்கு" என்று கத்தினான். அது அவனுக்குக் கேட்கவில்லை.